சோற்றாங்கையைச் சோதிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரின் சமூக மருத்துவமனைகளிலும் பகல்நேர மறுவாழ்வு நிலையங்களிலும் முதியவர்களின் கைகளைச் சோதித்து, அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளுக்கு,

வணக்கம். உங்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் சிலர்தான் என்று தெரியும். ஆனாலும் இதைத் தமிழில்தான் எழுத முடிந்தது. நான் சொல்லவரும் விஷயம் 'சோற்றாங்கை' என்ற தமிழ்ச் சொல்லுக்குள் இருக்கிறது. வாசிக்கிறவர்கள் பக்கத்து மேசையில் இருப்பவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் நிலையத்துக்கு வரும் தமிழ்க் குடும்பங்களும் இதைப் படித்துவிட்டு உங்களிடம் பேசட்டும்.

என் அம்மாவுக்கு 76 வயது. யீஷூனில் என்னோடு இருக்கிறார். சென்ற ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு. வலக்கை, வலக்கால் இரண்டும் விழுந்துவிட்டன. கால் சீக்கிரம் தேறியது. பொங்கலுக்கெல்லாம் கம்பு ஊன்றி லிஃப்ட் வரை நடந்தார். இப்போது புளோக்குக்குக் கீழே காப்பிக்கடை வரை தனியாகப் போய் வருகிறார். கைதான் பின்தங்கிவிட்டது. தோள் தூக்குகிறது, முழங்கை மடங்குகிறது, விரல்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

முதல் சோதனை நடந்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். நடுவில் தடுப்பு வைத்த மரப்பெட்டி. ஒரு பக்கம் குவியலாக மரக்கட்டைகள், ஒவ்வொன்றும் இரண்டரை சென்டிமீட்டர். 60 விநாடிக்குள் எத்தனை கட்டையைத் தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போடுகிறார் என்று எண்ணுகிறீர்கள். நல்ல கையில் தொடங்கினார்கள். சோதித்த பெண் ஆங்கிலத்தில் விளக்கினார், பிறகு கொஞ்சம் மலாயில். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடிகாரம் ஓடத் தொடங்கியதும் ஒரு கட்டையை எடுத்தார், தடுப்பைத் தாண்டினார், மெதுவாக வைத்தார். அடுத்த கட்டையை அதன் பக்கத்தில் ஒட்டி வைத்து, விரல் நுனியால் விளிம்பைச் சரிசெய்தார். மூன்றாவதையும் அப்படியே. ஒரு நிமிடம் முடிந்தபோது பெட்டிக்குள் 17 கட்டைகள் கோடு போட்டாற்போல் நின்றன. அவருடைய நல்ல கைக்கு அன்று கிடைத்த மதிப்பெண் 17.

குடும்பத்தார் குறுக்கே பேசக்கூடாது என்று சொல்லியிருந்ததால் நான் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் டாக்சியில் கேட்டேன், "ஏம்மா அவ்ளோ மெதுவா வெச்சீங்க?" அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "பின்ன, தூக்கியா வீசுவாங்க? ஒழுங்கா வெக்கணும்ல?" 14 வருடம் மின்னணுத் தொழிற்சாலையில் தட்டில் உதிரிப் பாகங்களை அடுக்கிய கை அது. வரிசை கலைந்தால் சூப்பர்வைசர் திட்டுவார். அந்தச் சோதனையின் விதிப்படி கட்டை எப்படி விழுந்தாலும் பரவாயில்லை, விரல் நுனி தடுப்பைத் தாண்டினால் போதும் என்பதை நானே பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். "வேகம்தான் முக்கியம்மா, அடுக்க வேணாம், சும்மா போட்டுடுங்க" என்று தமிழில் ஒரு வரி சொல்லி, ஒருமுறை செய்து காட்டியிருந்தால் அந்த எண் வேறாக இருந்திருக்கும். நல்ல கையின் எண்ணோடுதானே விழுந்த கையின் எண்ணை ஒப்பிடுகிறீர்கள்? அந்த அளவுகோலே பிசகிவிட்டால் மற்றதெல்லாம் என்ன ஆகும்?

ஆனால் என்னை இந்த மடல் எழுத வைத்தது அந்தக் கட்டைகள் இல்லை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது கொடுத்த தாளில், அன்றாட வேலைகளைத் தானே செய்ய முடிகிறதா என்று மதிப்பெண் போடும் பார்தல் அளவையில், 'உணவு உண்ணுதல்: 10' என்று இருந்தது. பத்துக்குப் பத்து. யார் துணையும் இல்லாமல் தானே சாப்பிடுகிறார் என்று பொருள். பொய் இல்லை. இடக்கையில் கரண்டி பிடித்து அம்மா தானே சாப்பிட்டார்.

தமிழில் வலக்கைக்குச் சோற்றாங்கை என்று பெயர். பேச்சில் சோத்தாங்கை. பிள்ளைகளுக்குத் திசை சொல்லிக்கொடுக்கும்போதே "சோத்தாங்கைப் பக்கம் திரும்பு" என்போம். சோறு உண்ணும் கை என்பதுதான் அந்தக் கையின் பெயர், அதுதான் அதன் முதல் வேலை. இடக்கைக்குப் பீச்சாங்கை என்று பெயர். அது எதற்கான கை என்று விளக்க வேண்டியதில்லை. 76 வருடம் ஒருமுறைகூடச் சோற்றைத் தொடாத கையால் அம்மா சாப்பிட்டார். எங்களோடு மேசையில் உட்காருவதை நிறுத்தினார். "நீங்கள்லாம் சாப்பிடுங்க, எனக்குப் பசிக்கல" என்று சொல்லிவிட்டு, எல்லாரும் எழுந்த பிறகு அடுக்களையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். உறவில் ஒரு கல்யாணம் வந்தது, போகவில்லை. கோயிலுக்குப் போனாலும் அன்னதானத்துக்கு முன்னால் கிளம்பிவிடுவார். நான்கு மாதத்தில் நான்கு கிலோ குறைந்தார். தாளில் பத்துக்குப் பத்து அப்படியே இருந்தது.

அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் இரவில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை, கணக்குப் பார்க்கும் வேலையில் இருப்பவள். எண்களை நம்புகிறவள். அதனால் உங்கள் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொள்ள ஆசை. 1969-ல் அமெரிக்காவில் வந்த, கைத்திறனை அளக்கும் ஜெப்சன் சோதனையில் ஏழு வேலைகள். அதில் ஒன்று 'சாப்பிடுவது': ஐந்து சிவப்பு பீன்ஸ் கொட்டைகளை டீஸ்பூனால் எடுத்து ஒரு டப்பாவில் போட வேண்டும். இன்னொன்று எழுதுவது. அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். கையெழுத்து மட்டும் தமிழில் போடுவார். 1981-ல் வந்த ஆக்ஷன் ரிசர்ச் ஆர்ம் சோதனையில் 19 வேலைகள், மொத்தம் 57 மதிப்பெண். கட்டை, கோலிக்குண்டு, கிரிக்கெட் பந்து எல்லாம் உண்டு. அதில் எனக்குப் பிடித்தது, கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகச் சொல்வது. அதுதான் கொண்டை போடும் அசைவு, பூ வைக்கும் அசைவு. அதைச் செய்யச் சொன்னபோது "எதுக்கு?" என்று அம்மா கேட்டார். "கொண்டையில பூ வெக்கிறாப்ல" என்று நான் சொன்னதும் கை இன்னும் ஒரு சாண் மேலே போனது. கை அதேதான், அதற்குப் புரிந்த வேலை கிடைத்ததும் எழும்பியது.

1993-ல் கனடாவின் கியூபெக்கில் ஜொஹான் டெரோசியே குழுவினர் முதியோருக்கென்றே டெம்பா என்று ஒரு சோதனை உருவாக்கினார்கள். அதைப் படித்தபோது மனம் குளிர்ந்தது. ஒன்பது வேலைகள். காப்பித்தூள் ஜாடியைத் திறந்து ஒரு கரண்டி எடுப்பது, கூஜாவிலிருந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றுவது, பூட்டைத் திறந்து மாத்திரை டப்பாவைத் திறப்பது, உறையில் எழுதி ஸ்டாம்ப் ஒட்டுவது, கழுத்தில் ஸ்கார்ஃப் போடுவது, சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுவது, சில்லறை எடுப்பது. ஐந்து வேலைகளுக்கு இரண்டு கையும் வேண்டும். எத்தனை விநாடி என்று மட்டும் பார்க்காமல், செய்ய முடிகிறதா, எந்த அசைவில் தடங்கல் என்றும் தனித்தனியாகக் குறிக்கிறார்கள். அந்த ஊர்க் கிழவர்களும் கிழவிகளும் ஒரு நாளில் கையால் என்ன செய்கிறார்கள் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். குளிர் ஊர், அதனால் ஸ்கார்ஃப். மாலையில் சீட்டாட்டம், அதனால் சீட்டுக்கட்டு. அதே அக்கறையோடு நம் ஊர்க் கைகளைப் பற்றி யோசிக்கச் சொல்லித்தான் இவ்வளவும் எழுதுகிறேன். என் அம்மா சீட்டுக்கட்டைத் தொட்டதே இல்லை. முந்தானையைத் தோளில் மடித்துப் போட்டு ஊக்கு குத்துவார். அதற்கும் இரண்டு கை வேண்டும்.

கையால் சோறு சாப்பிடுவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று, அது போன பிறகுதான் நான் கவனித்தேன். நான் சாப்பிடும்போது என் கையையே பார்த்தேன். முதலில் விரல் நுனி சூடு பார்க்கிறது. பிறகு குழம்பைச் சோற்றில் பிசையும்போது விரல்கள் விரிந்து மடங்குகின்றன. பருப்புச் சாதத்துக்கு ஒரு அழுத்தம், ரசச் சாதத்துக்கு வேறு. கவளம் எடுக்கும்போது நான்கு விரலும் ஒட்டிக் குழிகின்றன, கட்டைவிரல் மேலே அணைக்கிறது, மணிக்கட்டு திரும்புகிறது, முழங்கை மடங்குகிறது, சிந்தாமல் வாய் வரை வருகிறது. கடைசியில் கட்டைவிரலின் நகப்பக்கம் கவளத்தை உள்ளே தள்ளுகிறது. தொடு உணர்ச்சி, வெப்ப உணர்ச்சி, பிடி, விரல் ஒத்துழைப்பு, மணிக்கட்டுத் திருப்பம், தோள் நிலைப்பு என்று நீங்கள் தனித்தனியாகச் சோதிக்கும் அத்தனையும் ஒரே கவளத்தில் இருக்கின்றன. கரண்டி பிடிக்கும் பிடி வேறு. கரண்டியால் சாப்பிட முடிகிறது என்பதை வைத்து இந்தக் கையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. நிலையத்துச் சோதனையில் எழாத கை, பழகிய வீட்டு வேலைக்கு எழலாம் என்பதும் உண்மை. அதை என் வீட்டிலேயே பார்த்தேன்.

பார்த்தது இப்படி. ஐந்தாவது மாதம் வீட்டுக்கே வந்து சிகிச்சை தரும் ஒரு தெரபிஸ்ட் வந்தார். மலாய்க்காரப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். பையிலிருந்து எதையும் எடுக்கவில்லை. அடுக்களையை எட்டிப் பார்த்தார். மேசையில் முருங்கைக்கீரைக் கட்டு கிடந்தது, காலையில் தேக்கா சந்தையிலிருந்து நான் வாங்கி வந்தது. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து மலாயில் கேட்டார்: "மாக்சிக், மாக்கான் பாக்காய் தாங்கான்?" கையால்தானே சாப்பிடுவீர்கள் என்று. ஐந்து மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண்ணும் கையால் சாப்பிடுகிறவர், அதனால் கேட்கத் தோன்றியிருக்கிறது.

பிறகு கீரைக்கட்டைப் பிரித்து ஒரு கொத்தை அம்மாவின் முன்னால் வைத்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கீரையைக் கண்டால் அம்மாவின் கை சும்மா இருக்காது. இடக்கை நீண்டு ஒரு காம்பை எடுத்தது. உருவ முடியவில்லை, காம்பை யாராவது பிடிக்க வேண்டுமே. அப்போது வலக்கை மடியிலிருந்து கிளம்பி வந்தது. யாரும் கூப்பிடவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேடி, காம்பின் அடியைப் பிடித்துக்கொண்டன. ஒருமுறை நழுவியது, மறுபடி பிடித்தது. இடக்கை மேலிருந்து கீழே உருவியது, இலைகள் முறத்தில் உதிர்ந்தன. அந்தப் பெண் தன் குறிப்பேட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். 20 நிமிடத்தில் 11 காம்பு. எண்ணினேன். நிலையத்தில், துளைகளில் குச்சி செருகும் ஊசிப்பலகையின் ஒரு குச்சியைக்கூட எடுக்காத விரல்கள் அவை.

ஊசிப்பலகையும் மரப்பெட்டியும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே அளவுகோலால் அளந்தால்தான் ஏற்ற இறக்கம் தெரியும், ஒரு நிலையத்தில் அளந்தது இன்னொரு நிலையத்துக்குப் புரியும். கணக்குப் பார்ப்பவளுக்கு அது தெரியாதா? கையால் என்ன முடியும் என்பதை அந்தச் சோதனைகள் காட்டுகின்றன. வீட்டில் அந்தக் கை என்ன செய்கிறது என்பது வேறு கணக்கு. எட்வர்ட் டாப் என்ற அறிஞர் இதற்குத்தான் 'கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை' என்ற கருத்தை முன்வைத்தார். தொடக்கத்தில் முயன்று முயன்று தோற்ற கை, பிறகு முடியும் நிலை வந்தாலும் முயல்வதையே விட்டுவிடுகிறது. மோட்டார் ஆக்டிவிட்டி லாக் என்ற கேள்வித்தாள் அதைத்தான் பிடிக்கிறது: இந்த வேலைக்கு அந்தக் கையை எவ்வளவு பயன்படுத்தினீர்கள், எவ்வளவு நன்றாகச் செய்தது என்று ஒவ்வொரு வேலைக்கும் கேட்கிறது. அதைத் தமிழில், எங்கள் வேலைகளோடு கேளுங்கள். பொட்டு வைத்தீர்களா, எந்தக் கையால்? விபூதி எடுத்தது எந்தக் கை? வெங்காயம் உரித்தீர்களா? சேலைக்குக் கொசுவம் வைத்தது யார்?

கடைசிக் கேள்விக்கு எங்கள் வீட்டில் பதில், நான். இங்கே குடும்பங்களின் பங்கையும் சொல்லியாக வேண்டும். முதல் இரண்டு மாதம் அம்மாவுக்கு அவ்வப்போது நானே பிசைந்து ஊட்டினேன். அவர் வலக்கை தட்டை நோக்கி நகர்ந்தபோதெல்லாம் "இருங்கம்மா, நான் ஊட்டுறேன்" என்று தள்ளி வைத்தேன். அன்புதான். அந்த அன்பால் அந்தக் கைக்கு இரண்டு மாதத்துப் பயிற்சி போயிற்று. என்னிடம் யாரும் சொல்லவில்லை. உங்கள் சோதனையின்போது "வீட்டில் யார் ஊட்டுகிறார்கள்?" என்று ஒருவர் கேட்டிருந்தால் அன்றே நிறுத்தியிருப்பேன்.

நீண்டகாலப் பராமரிப்புக்கான கேர்ஷீல்ட் லைஃப் காப்புறுதியில், ஆறு அன்றாட வேலைகளில் மூன்று முடியாமல் போனால்தான் தொகை கிடைக்கும், அதில் சாப்பிடுவதும் ஒன்று. அம்மா அதற்குத் தகுதி பெறவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. பண உதவிக்கு ஒரு கோடு வேண்டும். அந்தக் கோட்டையே சிகிச்சையின் எல்லையாக வைத்துக்கொள்வதுதான் என் கவலை. 'தானே சாப்பிடுகிறார்' என்ற கட்டத்தில் டிக் விழுந்ததும் அம்மாவின் இலக்குகளிலிருந்து சாப்பாடு காணாமல் போய்விட்டது.

வார்த்தைகளைப் பற்றியும் ஒன்று. எங்கள் பெரியவர்கள் கையைப் பற்றிச் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். 'மரத்துப்போச்சு' என்பது ஒன்று, 'விறுவிறுங்குது' என்பது இன்னொன்று, 'எறும்பு ஊருது' வேறு. 'கை கனக்குது' என்றால் சில சமயம் வலி, சில சமயம் பலக்குறைவு, சில சமயம் கை தன்னுடையதாகவே தோன்றவில்லை என்று பொருள். இத்தனையையும் 'வலிக்குதா, வலிக்கலையா' என்ற கேள்வியில் அடக்கினால் அவர்கள் 'ஆமா' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லாத நாளில் ஒரு மகனையோ பேத்தியையோ போனில் பிடியுங்கள். பாசார் மலாய், அதாவது சந்தைப் பேச்சு மலாய், தெரிந்த பெரியவர்களிடம் மலாயில் பேசலாம், ஆனால் எந்த விரலில் எப்படி உணர்ச்சி என்று சொல்ல அந்த மலாய் போதாது.

பக்கவாதம் வராத கைகளும் இருக்கின்றன. எங்கள் புளோக்கில் ஒரு அங்கிள், செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். நீண்ட கால நீரிழிவு. காலையில் மோதிர விரல் மடங்கினால் மறு கையால் இழுத்துத்தான் நிமிர்த்துகிறார். இரவில் கை மரத்துத் தூக்கம் கெடுகிறது. "வயசானா இப்படித்தான்" என்று யாரிடமும் காட்டவில்லை. விரல் சிக்கிக்கொள்வதும், மணிக்கட்டில் நரம்பு நெருக்குவதும், தோள் இறுகுவதும் நீரிழிவுக்காரர்களுக்கு அதிகம். நம் இந்தியச் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2018-ல் தொடங்கிய புரோஜெக்ட் சில்வர் ஸ்கிரீனில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கண், காது, வாய் மூன்றையும் பார்த்தார்கள். நல்ல திட்டம். அதோடு கையையும் சேர்க்கும்படி சுகாதார அமைச்சிடம் உங்கள் துறைதான் கேட்க வேண்டும். கைப்பிடியின் வலுவை அளக்கும் ஒரு பிடிமானிக்கு இரண்டு நிமிடம் போதும். ஆசிய நாடுகளின் தசைநலிவு நிபுணர் குழு 2019-ல் ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோ என்று வரம்பு சொல்லியிருக்கிறது. அதற்குக் கீழே போனால் பிடி குறைவு. அதோடு ஒரு பாட்டில் மூடி, ஒரு பொத்தான், பையிலிருந்து சில்லறை எடுப்பது. அங்கிளின் விரல் அன்றே தெரிந்திருக்கும்.

அம்மாவின் வலக்கைப் பிடி கடைசியாக அளந்தபோது 7 கிலோ. 18-க்கு வெகு தூரம். ஆனால் இப்போது தினமும் மதியம் ஒரு கிண்ணத்தில் தயிர்சாதம் பிசைகிறார். குழைய வடித்த சோறு, ஆறியது, கெட்டித் தயிர். அந்த மலாய்ப் பெண் சொன்ன வரிசைப்படி முதலில் பிசைவது மட்டும், பிறகு உருட்டி வைப்பது, பிறகு வாய்க்குக் கொண்டுபோவது. பாதி சிந்துகிறது. மேசையில் பழைய தமிழ் முரசு நாளிதழ் விரித்து வைக்கிறோம். போன ஞாயிறு நான்கு கவளம் தானே வலக்கையால் சாப்பிட்டார், எங்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து.

அடுத்த மாதம் அவருக்கு மறுமதிப்பீடு. உங்கள் பட்டியலில் உள்ள எல்லாச் சோதனையையும் செய்யுங்கள், விதிகளைத் தமிழில் சொல்ல நான் வருகிறேன். எவர்சில்வர் டப்பாவில் தயிர்சாதமும் ஒரு கொத்து முருங்கைக்கீரையும் கொண்டு வருவோம். கை கழுவ ஒரு இடமும் பத்து நிமிடமும் ஒதுக்கிக் கொடுங்கள். பார்த்ததைத் தாளில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
யீஷூனிலிருந்து ஒரு மகள்